சின்னக் கல்லூரிக்குச் சென்னையில் முன்னாள் மாணவர் கிளை: எங்கிருந்து ஆரம்பிப்பது?

முத்துநகர்_பயணி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள ஒரு சின்ன அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரியில் படித்தவன் நான். கல்லூரிப் பெயரை இங்கே போட வேண்டாம் என்று நினைக்கிறேன். படித்து முடித்தவர்களில் நிறையப் பேர் இப்போது சென்னையில்தான் இருக்கிறோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர், ஓஎம்ஆரில் ஐடி வேலையில் இருப்பவர்கள், தலைமைச் செயலகத்தில் இருப்பவர், கோயம்பேட்டில் மொத்த வியாபாரம் செய்பவர், தாம்பரத்தைச் சுற்றிப் பள்ளி ஆசிரியர்கள் என்று எல்லாத் தரப்பிலும் ஆள் உண்டு. வாட்ஸ்அப் குழு ஒன்று பல வருடமாக ஓடுகிறது. 1990க்கு முன்னால் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கிய பெரியவர்களிலிருந்து போன வருடம் மனோன்மணியம் சுந்தரனாரில் பட்டம் வாங்கிய தம்பிகள் வரை அதில் இருக்கிறார்கள். ஆனால் பிறந்தநாள் வாழ்த்து, இரங்கல் செய்தி, பழைய போட்டோ, இதற்கு மேல் எதுவும் நடப்பதில்லை.

சமீபத்தில் எங்கள் கல்லூரி முதல்வர் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை வந்திருந்தார். நாலைந்து பேர் போய்ப் பார்த்தோம். அவர் நேரடியாகப் பணம் கேட்கவில்லை, நிலைமையைத்தான் சொன்னார். சுயநிதிப் பிரிவில் சேரும் பிள்ளைகளில் சிலர் முதல் செமஸ்டர் முடிவதற்குள் நின்றுவிடுகிறார்கள், பையன்கள் தீப்பெட்டி ஆபீஸுக்கோ உப்பளத்துக்கோ போய்விடுகிறார்கள், பெண் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. அந்தக் கல்லூரி இல்லையென்றால் எங்களில் பாதிப் பேர் பட்டப்படிப்பை எட்டியே இருக்க மாட்டோம்.

சரி, சென்னைக் கிளை என்று ஒன்றை முறையாக ஆரம்பிப்போம் என்று குழுவில் போட்டேன். உடனே விவாதம் ஆரம்பித்துவிட்டது. கல்லூரி வாசலில் நுழைவு வளைவு கட்டலாம் என்கிறார்கள் சிலர். பிள்ளைகள் பீஸுக்குக் கொடுக்கலாம் என்கிறார்கள் சிலர். தனியாகப் பதிவு செய்ய வேண்டுமா, கல்லூரியில் ஏற்கெனவே பதிவான தாய்ச் சங்கம் இருக்கும்போது இங்கே இன்னொன்று எதற்கு, பணம் யார் கணக்கில் இருப்பது, இது நாளைக்கு ஒரு சாதிச் சங்கமாகவோ கட்சிக்காரர் மேடையாகவோ ஆகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நிறையக் கேள்வி. இதே மாதிரிச் சின்னக் கல்லூரிகளுக்குச் சென்னையில் கிளை நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், உங்களுக்கு எது நடந்தது, எது நடக்கவில்லை?

---

வரவு_செலவு:

புரசைவாக்கத்தில் ஆடிட்டர் அலுவலகம் வைத்திருக்கிறேன், இந்த மாதிரிச் சங்கங்கள் சிலவற்றின் கணக்கைப் பார்க்கிறேன். பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ன்படி 7 பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். பதிவு பெரிய வேலையில்லை, அதற்கப்புறம்தான் வேலையே. வருடா வருடம் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கைத் தணிக்கை செய்து பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும், நிர்வாகிகள் மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். வருமான வரியில் 12ஏ (சங்கத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிக்கழிவு) தனியாக வாங்க வேண்டும், அதையும் காலாவதி ஆவதற்குள் புதுப்பிக்க வேண்டும். ஆரம்பத்தில் எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும். பிறகு செயலாளருக்கு வேலை மாற்றல் வரும், பொருளாளர் மகனோடு பெங்களூருக்குப் போய்விடுவார், தாக்கல் செய்யாத வருடங்கள் சேர்ந்துகொண்டே போகும்.

உங்களுக்குத்தான் ஏற்கெனவே தாய்ச் சங்கம் இருக்கிறதே. அது நடப்பில் இருக்கிறதா, தாக்கல் எல்லாம் சரியாக இருக்கிறதா, 80ஜி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் சென்னைக் கிளை பணத்தையே தொட வேண்டாம். கொடுப்பவர்கள் நேராகத் தாய்ச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்பட்டும், எதற்காக என்று குறிப்பில் போடட்டும், கிளையின் வேலை ஆட்களைச் சேர்ப்பதும் பணம் போன இடத்தைக் கேட்டு எல்லோருக்கும் சொல்வதும் மட்டும். இப்படி வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை வராது.

ஒருவர் சொந்த ஜிபே நம்பருக்கு எல்லோரும் அனுப்புவது மட்டும் வேண்டவே வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நாளைக்கு வருமான வரிக்காரர் கேட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

80ஜி பற்றியும் கொஞ்சம் தெளிவாக இருங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக்கழிவு கிடையாது. ரசீது மட்டும் போதாது, சங்கம் நன்கொடை விவரத்தை வருமான வரித்துறையில் தாக்கல் செய்து அதற்கான சான்றிதழ் தர வேண்டும். புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு 80ஜி கழிவே இல்லை. உங்கள் ஐடி தம்பிகளில் பலர் புது முறையில்தான் இருப்பார்கள், அவர்களிடம் போய் வரிச்சலுகை என்று பேசினால் எடுபடாது.

---

பெரம்பூர்_அக்கா:

தம்பி, நாங்கள் ஒரு சின்ன மகளிர் கல்லூரிக்குச் சென்னையில் கிளை நடத்துகிறோம். ஆரம்பத்தில் எங்களிடமும் பணம் பற்றிய பேச்சுதான் இருந்தது, அது மெல்ல மாறிவிட்டது. சென்னையில் இருக்கிறவர்களால் ஊரில் இருக்கிறவர்கள் செய்ய முடியாத ஒன்றைச் செய்ய முடியும். அந்தப் பிள்ளைகள் வந்து இறங்கும் ஊரில் நாம் இருக்கிறோம். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

கடைசி வருடம் முடித்த பெண்ணுக்கு இன்டர்வியூ என்று கூப்பிடுகிறார்கள். முத்துநகர் எக்ஸ்பிரஸிலோ நெல்லை எக்ஸ்பிரஸிலோ காலையில் எழும்பூரில் வந்து இறங்குகிறாள். துணைக்கு அப்பா, அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். பத்து மணிக்கு இன்டர்வியூ சிறுசேரியில். அதுவரை எங்கே குளிப்பது, எங்கே புடவை மாற்றுவது, எந்த பஸ்ஸில் ஏறுவது, ஒன்றும் தெரியாது. ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமில் முகம் கழுவிக்கொண்டு, ஜவுளிக்கடைப் பையில் சுருட்டி வைத்த சான்றிதழ்களோடு, கலங்கிப்போய்ப் போகும் பிள்ளை அங்கே என்ன பேசும்? எங்கள் கிளையில் சேத்துப்பட்டு, பெரம்பூர், வேளச்சேரி என்று சில வீடுகள் இதற்கென்றே இருக்கின்றன. ஒரு போன் வந்தால் போதும், குளித்து, இட்லி சாப்பிட்டு, ஒரு அக்காவோடு கிளம்பிவிடுவாள். நான் கூட்டிக்கொண்டு போன பெண்களில் ஒருத்தி, போகிற வழி முழுக்க மெட்ரோவில் என்னிடமே இங்கிலீஷில் பேசிப் பழகிக்கொண்டு வந்தாள். இன்று அவளே புதிதாக வருகிற பெண்களை அழைத்துப் போகிறாள்.

வேலை கிடைத்த பிறகும் உதவி வேண்டும், இதை நிறையப் பேர் நினைத்துப் பார்ப்பதில்லை. முதல் சம்பளம் வருவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், ஹாஸ்டலில் அட்வான்ஸ் கேட்பார்கள். அரசு நடத்தும் தோழி விடுதி மாதிரி இடங்களைச் சொல்லிக் கொடுக்கலாம், இடம் கிடைக்காவிட்டால் அந்த அட்வான்ஸைக் கடனாகக் கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். எங்களிடம் சுழல்நிதி என்று ஒன்று இதற்காகவே இருக்கிறது. திரும்பி வராத பணம் மிகவும் குறைவு. பையன்களுக்கும் இதே கதைதான், திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு கட்டில் பிடித்துக் கொடுப்பதற்கே ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். உங்கள் அம்பத்தூர் பட்டறைக்காரரையும் கம்பெனிகளில் மனிதவளத்தில் இருப்பவர்களையும் தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) திட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். பட்டதாரிகளுக்கான வாரியம் தரமணியில்தான் இருக்கிறது. பிஏ, பிஎஸ்சி, பிகாம் பிள்ளைகளையும் எடுக்கலாம். உதவித்தொகையோடு ஒரு வருட அனுபவம் கையில் இருந்தால் அடுத்த வேலைக்கு அவர்கள் தைரியமாகப் போவார்கள். இதற்கு நம் கைக்காசு ஒன்றும் செலவில்லை, ஒருவர் அக்கறையாக அலைய வேண்டும், அவ்வளவுதான்.

---

ஓய்வு_வாத்தியார்:

அரசு உதவி பெறும் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், இப்போது மடிப்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். கல்லூரிக்குள்ளிருந்து பார்த்ததைச் சொல்கிறேன் தம்பி.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு 'அரசு உதவி' என்றவுடன் எல்லாவற்றையும் அரசு பார்த்துக்கொள்கிறது என்று தோன்றும். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்குச் சம்பளம் வரும், உண்மை. அதே வளாகத்தில் மதியம் நடக்கிற சுயநிதிப் பிரிவுக்கு ஒரு பைசா வராது, அங்கே ஆசிரியர் சம்பளம், லேப், எல்லாமே பிள்ளைகள் கட்டுகிற பீஸிலிருந்துதான். கிராமத்துப் பிள்ளைகளிடம் பீஸை ஏற்ற முடியாது, ஏற்றாவிட்டால் நல்ல ஆசிரியர் நிற்கமாட்டார். சின்னக் கல்லூரி மாட்டிக்கொண்டு முழிப்பது இங்கேதான்.

பிள்ளைகளுக்கு அரசுத் திட்டம் இல்லாமல் இல்லை. 2022ல் வந்த புதுமைப்பெண், 2024ல் வந்த தமிழ்ப்புதல்வன் இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது, எத்தனையோ வீடுகளில் படிப்பைத் தாங்கிப் பிடித்திருக்கிறது அந்தப் பணம். ஆனால் அது அரசுப் பள்ளியிலோ, உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்கு. கடன் வாங்கி மெட்ரிகுலேஷன் பள்ளியில் படிக்க வைத்த அப்பா நடுவில் இறந்துபோன வீட்டுப் பிள்ளைக்கு அது கிடையாது. அப்புறம், கிடைக்கிறவர்களுக்கும் சேர்ந்த பிறகு, சரிபார்த்த பிறகுதான் கணக்கில் ஏறும். ஜூன், ஜூலையில் சேர்க்கைக் கட்டணம், பஸ், புத்தகம், நோட்டு, லேப் கோட்டு என்று முதலில் கையை விட்டுப் போகிற பணம் இருக்கிறதே, பிள்ளைகள் நிற்பது அங்கேதான். அடுத்தது அக்டோபர் வாக்கில் தேர்வுக் கட்டணம் கட்டுகிற நேரம். இந்த இரண்டு சமயத்திலும் துறைத்தலைவர் கையில் கொஞ்சம் பணம் இருந்து, 'நீ போய் உட்கார்ந்து படி, நான் கட்டிக்கொள்கிறேன்' என்று சொல்ல முடிந்தால் அந்தப் பிள்ளை நிற்காது. பெரிய தொகை தேவையே இல்லை. வருடா வருடம் அந்த மாதத்தில் தவறாமல் வர வேண்டும், அதுதான் முக்கியம். ஒரு வருடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவதை விடக் கொஞ்சமாகத் தொடர்ந்து கொடுப்பது எவ்வளவோ மேல்.

லேப் விஷயம். நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாய், ப்யூரெட், பதினைந்து இருக்கும், அதில் நாலைந்துக்கு முனை உடைந்து சொட்டிக்கொண்டிருக்கும். ஒருவன் டைட்ரேட் செய்ய இரண்டு பேர் பக்கத்தில் நின்று ரீடிங் எழுதிக்கொள்வார்கள். முடிவில் நிறம் மாறும் அந்த ஒரு சொட்டைத் தன் கையால் விடாத பிள்ளை பட்டம் வாங்கிக்கொண்டு அம்பத்தூரில் குவாலிட்டி கண்ட்ரோல் வேலைக்கு வந்து நின்றால் என்ன செய்யும்? பாரிமுனைப் பக்கம் லேப் சாமான் விற்கும் கடைகள் எத்தனை இருக்கின்றன, துறையிடம் பட்டியல் வாங்கி நீங்களே விலை கேட்டு வாங்கி அனுப்பலாம். இது சென்னைக்காரர்களுக்குத்தான் சுலபம்.

ஒரு நிர்வாக விஷயமும் உண்டு. கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் அமைப்பின் தரமதிப்பீட்டில் முன்னாள் மாணவர் ஈடுபாடு என்று தனித் தலைப்பே இருந்துவருகிறது, பதிவு பெற்ற சங்கமா, என்ன பங்களிப்பு என்று கேட்பார்கள். ஆகவே நீங்கள் செய்வது எதுவானாலும், ஞாயிற்றுக்கிழமை போனில் பிள்ளைகளுக்கு இன்டர்வியூ பயிற்சி கொடுப்பதானாலும், தேதியோடு ஒரு வரி எழுதிப் போட்டோவோடு கல்லூரிக்கு அனுப்பிவிடுங்கள். தயவுசெய்து இதை விளம்பரம் என்று நினைத்துக் கூச்சப்பட வேண்டாம்.

---

கல்வெட்டு_ராசா:

வளைவு கட்டலாம் என்கிறவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் இதை எழுதுகிறேன். எங்கள் அப்பா வகை ஆட்கள் தங்கள் பெயரோ தங்கள் வாத்தியார் பெயரோ ஒரு கல்லில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பில்லை. அந்தக் காலத்தில் ஊர் வியாபாரிகள் மகமை (வியாபாரத்தில் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கும் பங்கு) பிரித்துப் பள்ளிக்கூடமும் கல்லூரியும் கட்டிய மாவட்டங்கள் நம்முடையவை, பெயர் போட்டுக் கொடுப்பது அங்கே மரியாதையான வழக்கம். அந்த ஆசையை வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். வாத்தியார் பெயரில் ஒரு அறக்கட்டளைப் பரிசு வைக்கச் சொல்லுங்கள். 1 லட்சம் வைப்புநிதியில் போட்டால் 7 சதவீத வட்டி என்றாலும் வருடம் 7,000 வரும், ஒரு பிள்ளையின் தேர்வுக் கட்டணமும் புத்தகமும் அதில் அடங்கும். பெயரும் வருடா வருடம் ஆண்டு விழா மேடையில் வாசிக்கப்படும். எங்கள் பக்கம் வளைவுக்கு என்று சேர்ந்த பணத்தில் ஒரு பகுதியைப் பெரியவர்கள் சம்மதத்தோடு இப்படி மாற்றினோம், யாரும் கோபப்படவில்லை. அசல் தொகையைத் தொடக்கூடாது என்று எழுத்தில் இருக்கட்டும்.

---

தேரி_மணல்:

சிங்கப்பூரில் இருக்கிறேன், அதே மாவட்டத்து வேறொரு கல்லூரி. எங்களிடமும் பணம் கேட்கிறார்கள். இங்கிருந்து அனுப்பினால் சங்கத்துக்கு ஏதாவது சிக்கல் வருமா? எங்களில் சிலர் இங்கே குடியுரிமை வாங்கிவிட்டார்கள்.

---

வரவு_செலவு:

@தேரி_மணல், நல்ல வேளை கேட்டீர்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையாக வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. குடியுரிமை மாறியவர் இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான், 2010ஆம் வருட எஃப்சிஆர்ஏ சட்டப்படி அனுமதி இல்லாத சங்கம் அதை வாங்கவே கூடாது. அனுமதி இருந்தாலும் புதுதில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்று உள்ள கணக்கில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். சின்னச் சங்கம் இதில் கைவைக்காமல் இருப்பதே நல்லது. அவர்கள் நேரத்தைக் கொடுக்கட்டும், பிள்ளைகளுக்கு ஜூமில் வகுப்பு எடுக்கட்டும், அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே வராது.

கம்பெனி சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணம் பற்றித் தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். அதை வாங்கிச் செலவழிக்கும் அமைப்பு சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், 12ஏவும் 80ஜியும் வேண்டும், 3 வருடம் வேலை செய்த பதிவும் கேட்பார்கள். நேற்று ஆரம்பித்த கிளைக்கு அது கிடைக்காது. தாய்ச் சங்கம் தகுதியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

---

கோயம்பேடு_4மணி:

சாதி, கட்சி பற்றி நீங்கள் கேட்டதை யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன். அது நிஜமான பயம். தென் மாவட்டத்துக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் வெளியிலிருந்து பார்க்கிறவன் முதலில் கேட்பது அதைத்தான். எங்கள் கிளையில் சில கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். கூட்டம் எந்தச் சமூகத்தின் கல்யாண மண்டபத்திலும் நடக்காது, அங்கே இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம், அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலகக் கட்டட அரங்கு மாதிரிப் பொது இடம்தான், இல்லாவிட்டால் ஒரு பூங்காவில் உட்கார்ந்து பேசிக்கொள்கிறோம். பொறுப்பாளர்களைப் படித்த வருடங்களை வைத்துப் பிரித்து எடுக்கிறோம், பத்து வருடத்து ஆட்களுக்கு ஒருவர், பெண்கள் கட்டாயம் பாதி. தேர்தல், போஸ்டர், பொன்னாடை எதுவும் கிடையாது. பொறுப்பு இரண்டு வருடம், அதற்கப்புறம் மாற வேண்டும். பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பது துறைத்தலைவரும் வகுப்பு ஆசிரியரும், எங்களுக்குப் பெயர் கூட வராது, துறையும் வருடமும் எதற்குக் கட்டினார்கள் என்பதும் மட்டும் வரும். கொடுத்தவனிடம் வந்து நன்றி சொல்ல வேண்டிய நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது என்று எங்களுக்குள் உறுதியாக இருக்கிறோம்.

நான் மார்க்கெட்டில் விடிகாலை லோடு இறக்கிவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போகிறேன். படிப்பில் நான் சுமார்தான். ஆனாலும் அந்தக் கூட்டத்தில் ஐஏஎஸ் தேர்வு எழுதுகிற தம்பியும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்கிறோம், அது எனக்குப் பெரிய விஷயம்.

---

முத்துநகர்_பயணி:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதை அப்படியே குழுவில் போட்டேன், இதுவரை வாயே திறக்காத ஆறேழு பெண்கள் தங்கள் வீட்டைத் தருகிறோம் என்று எழுதினார்கள். தாய்ச் சங்கத்தின் பதிவு நடப்பில்தான் இருக்கிறதாம், 80ஜி காலாவதி ஆகியிருக்கிறது, அதைப் புதுப்பிக்கும் செலவைச் சென்னைக்காரர்கள் ஏற்றுக்கொள்கிறோம் என்று முதல்வரிடம் சொல்லிவிட்டோம். வளைவு கேட்ட அண்ணன் ஒருவர் தன் கணக்கு வாத்தியார் பெயரில் பரிசு வைக்கச் சம்மதித்துவிட்டார்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. வாத்தியார் ஐயா, துறைத்தலைவர் கையில் பணம் இருக்க வேண்டும் என்கிறீர்கள், ஆடிட்டர் சார் சங்கக் கணக்கை விட்டுப் பணம் தனியாள் கைக்குப் போகக்கூடாது என்கிறார். தேர்வுக் கட்டணம் கட்ட கடைசித் தேதிக்கு முந்தின நாள் ஒரு பிள்ளை வந்து நின்றால் இரண்டையும் எப்படிச் சேர்த்துச் செய்வது?

---

ஓய்வு_வாத்தியார்:

நாங்கள் செய்தது இதுதான். துறைத்தலைவர் ஒரு சீட்டில் பிள்ளையின் பதிவெண்ணையும் தொகையையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அலுவலகத்துக்கு அனுப்புவார். அலுவலகம் அன்றே 'கட்டியது' என்று வரவு வைத்துக்கொள்ளும், மாதக் கடைசியில் சீட்டுகளைச் சேர்த்துச் சங்கத்துக்கு அனுப்பினால் சங்கம் கல்லூரிக் கணக்குக்கு ஒரே காசோலையாகத் தந்துவிடும். பணம் யார் கையிலும் போகாது. முன்கூட்டியே ஒரு உச்சவரம்பு பேசிக்கொள்ளுங்கள், முதல்வர் ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். ஜூன் சேர்க்கைக்கு முன்னால் போட்டுவிடச் சொல்லுங்கள்.